பேரிடர் ஒத்திகைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களா? போவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்

அரசாங்கம் நடத்தும் பேரிடர் ஒத்திகைக்கு ஆள் அனுப்பச் சொல்லி அலுவலகத்துக்குக் கடிதம் வந்தால் வழக்கமாக நடப்பது இதுதான். பெரியவருக்கு அன்றைக்கு வேறு கூட்டம் இருக்கும், அவருக்கு அடுத்தவர் விடுப்பில் இருப்பார், கடிதம் கைமாறிக் கைமாறி, 'சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வா, மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும்' என்ற ஆறுதலோடு யாராவது ஓர் இளம் ஊழியரின் மேசையில் வந்து நிற்கும். இந்த முறை எங்கள் அலுவலகத்தில் அது ஒரு தங்கையிடம் வந்து நின்றது. "அக்கா, நான் என்ன படிச்சிட்டுப் போகணும், அங்க என்ன பேசணும்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் நிர்வாகப் பக்கத்தில் இருப்பவள். மருத்துவர் இல்லை. படுக்கை, ஆம்புலன்ஸ், தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டருக்கு டீசல், இதெல்லாம்தான் என் தலைவலி. அதனால் இந்த மாதிரி ஒத்திகைகளில் எனக்குக் கிடைப்பது எப்போதும் ஓரத்து நாற்காலி. ஓரத்தில் உட்காருவதில் ஒரு வசதி, எல்லோர் முகமும் தெரியும்.

முதல் விஷயம், அங்கே யாரும் உங்களுக்கு மார்க் போடப்போவதில்லை. பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் எத்தனை ஏ என்று கேட்டுக் கேட்டே வளர்த்த பிள்ளைகள் நாம், எந்த அறைக்குள் போனாலும் சரியான விடை எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுகிறோம். காகிதத்தில் அழகாக இருக்கும் திட்டம் நிஜத்தில் எந்த இடத்தில் கிழியும் என்று பார்க்கத்தான் அத்தனை துறைக்காரர்களையும் ஒரு நாள் முழுக்கக் கூட்டிவைத்திருக்கிறார்கள். கிழியும் இடம் உங்கள் துறையிலேயே இருந்தால் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டு வருவதுதான் நீங்கள் அன்றைக்குச் செய்யக்கூடிய பெரிய வேலை. எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு கலைந்த ஒத்திகைகளைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் அதெல்லாம் வீணான நாட்கள்.

எல்லாம் சுமுகமாக முடிய வேண்டும் என்ற ஆசை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 2002இல் அமெரிக்க ராணுவம் மில்லேனியம் சேலஞ்ச் என்ற பெயரில் சுமார் 25 கோடி டாலர் செலவழித்து ஒரு போர் ஒத்திகை நடத்தியது. எதிரி வேடம் கட்டிய ஓய்வுபெற்ற மரைன் படைத் தளபதி பால் வான் ரைப்பர், ஒட்டுக்கேட்க முடியாதபடி மோட்டார் சைக்கிளில் ஆள் விட்டுச் செய்தி அனுப்பி, சிறு படகுகளாலும் ஏவுகணைகளாலும் அமெரிக்கத் தரப்பின் 16 கப்பல்களைக் கணக்கில் மூழ்கடித்துவிட்டார். நடத்தியவர்கள் என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? மூழ்கிய கப்பல்களை மறுபடியும் மிதக்க வைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். மனிதர் வெறுத்துப்போய்ப் பாதியிலேயே விலகிக்கொண்டார். நம் மண்டபங்களில் இது இவ்வளவு வெளிப்படையாக நடக்காது, "சரி, அந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம், அடுத்ததுக்குப் போவோம்" என்று யாராவது இனிமையாகச் சொல்வார், அவ்வளவுதான்.

ஒத்திகை எந்த வகை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவது ஒரு வகை, இதுதான் அதிகம். உங்கள் இடத்திலிருந்தே தொலைபேசியும் ரேடியோவும் வைத்துக்கொண்டு நிஜ நேரத்தில் முடிவெடுப்பது இன்னொன்று. போம்பா என்ற தீயணைப்புத் துறையின் வண்டி, ஆம்புலன்ஸ், முகத்தில் சிவப்புச் சாயம் பூசிய 'காயமடைந்தவர்கள்' என்று களத்திலேயே இறங்குவது மூன்றாவது. எதுவானாலும் ஆட்டத்தில் இருப்பவர்கள் ஒரு பக்கம், கதையை நகர்த்தும் கட்டுப்பாட்டுக் குழு ஒரு பக்கம், பேசாமல் குறிப்பெடுக்கும் மதிப்பீட்டாளர்கள் ஒரு பக்கம். நீங்கள் ஆட்டக்காரரா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்று கடிதத்திலேயே எழுதியிருக்கும். இல்லையென்றால் போன் போட்டுக் கேளுங்கள்.

படிப்பு என்று பார்த்தால், பேரிடர் மேலாண்மைப் புத்தகம் எதுவும் வேண்டாம். உங்கள் அலுவலகத்தின் அவசரகாலத் திட்டத்தை எடுங்கள். யாரும் திறக்காத கோப்பு ஒன்றில் இருக்கும். அதில் இருக்கும் தொலைபேசி எண்களை மேலிருந்து கீழாகக் கூப்பிட்டுப் பாருங்கள், பாதிப் பேர் வேலை மாறிப் போயிருப்பார்கள், ஒருவர் பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போய்க்கொண்டிருப்பார். அப்புறம் கையெழுத்து விவகாரம். மேலாளர் வெளிநாட்டில் இருக்கும்போது நள்ளிரவில் தண்ணீர் லாரி வரவழைக்க வேண்டியிருந்தால் அந்தச் செலவுக்கு ஒப்புதல் தருவது யார், எவ்வளவு வரைக்கும்? இதைத் தெரிந்துகொண்டு போகிறவர் அந்த அறையில் பாதிப் பேரைவிட முன்னால் இருப்பார்.

நாட்டின் ஏற்பாடு எப்படி என்றும் ஒரு மேலோட்டம் வேண்டும். 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடங்களில் ஒன்று சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் 1994இல் ஸ்மார்ட் மீட்புக் குழு அமைந்தது, 1997இல் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் எண் ஆணை வந்தது. மாவட்டம், மாநிலம், மத்தி என்று மூன்று நிலைகளும், எந்த நிலையில் யார் தலைமை என்பதும் அந்த ஆணையில் வகுக்கப்பட்டவை. மாவட்டத்தில் மாவட்ட அதிகாரி, மாநிலத்தில் மாநிலச் செயலாளர். 2015 அக்டோபரில் நட்மா என்ற தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் பிரதமர் துறையின் கீழ் வந்தது. சம்பவ இடத்தில் கட்டளை காவல் துறையிடம், மீட்பு போம்பாவிடம், வீட்டை விட்டு வந்தவர்கள் தங்கும் துயர் துடைப்பு மையம் சமூக நலத் துறையிடம். இவ்வளவு போதும். இது தெரியாமல் போனால், போலீஸ்காரரிடம் பாய் எத்தனை இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

நான் எந்த ஒத்திகைக்குப் போனாலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கேட்டுக் கேட்டு, நான் கையைத் தூக்கினாலே சிலர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "இது சனிக்கிழமை ராத்திரி என்றால்?" அவ்வளவுதான் கேள்வி. கொஞ்சம் நாள்காட்டியைப் புரட்டிப் பாருங்கள். ஹைலண்ட் டவர்ஸ் விழுந்தது சனிக்கிழமை. பினாங்கில் மட்டும் 52 உயிர்களைக் கொண்டுபோன 2004 சுனாமி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. பட்டர்வொர்த் படகுத்துறை இடிந்தது 1988 ஜூலை 31, அதுவும் ஞாயிறு, அதுவும் திருவிழாக் கூட்டம், 32 பேர் இறந்து 1,634 பேர் காயமடைந்தார்கள். எம்எச்370 விமானம் காணாமல்போனது சனிக்கிழமை அதிகாலை. 2017 நவம்பரில் பினாங்கை மூழ்கடித்த மழை சனிக்கிழமை இரவு, முதலமைச்சர் ராணுவ உதவி கேட்டுத் துணைப் பிரதமரைத் தொலைபேசியில் பிடித்தது விடிகாலை 3 மணி வாக்கில். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா தண்ணீருக்குள் போன 2021 டிசம்பர் 18 சனிக்கிழமை. புத்ரா ஹைட்ஸ் எரிவாயுக் குழாய் வெடித்த 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள், பாதி நாடு கம்பத்தில், சொந்த ஊரில் இருந்தது. மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி ஒரு பெண்மணி காணாமல்போனது வெள்ளிக்கிழமை காலையில்தான், ஒத்துக்கொள்கிறேன், எல்லாமே விடுமுறையைப் பார்த்து வருவதில்லை. ஆனால் ஒத்திகை மட்டும் எப்போதும் செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு, எல்லாத் துறைத் தலைவர்களும் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது நடக்கும். அந்த அறையில் இருக்கும் முதல் அதிசயம், எல்லோரும் வந்திருப்பதுதான். நிஜத்தில் அந்த நேரத்துக்கு வேலையில் இருக்கப்போவது யார், அவருக்கு என்ன அதிகாரம் இருக்கும், அவரிடம் யாருடைய எண் இருக்கும் என்று கேளுங்கள். பதில் சொல்ல வாயெடுத்தவர் ஒரு நொடி நிறுத்தினார் என்றால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, உள்ளே போய்விட்டீர்கள். ஒரு கதை கொடுப்பார்கள். உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: மாலை 5 மணி, மேலே கோம்பாக் பக்கம் கொட்டுகிறது, மஸ்ஜித் ஜாமேக் பக்கத்தில் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கும் இடத்தில் நீர்மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது, வெள்ளநீரைத் திருப்பிவிடவும் கார்கள் போகவும் கட்டிய 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கத்தில் (மீட்புக் குழு ஸ்மார்ட் வேறு) வாகனங்களை நிறுத்திவிட்டார்கள், அதில் போக வேண்டிய கார்கள் எல்லாம் மேலே சாலையில் வந்து நிற்கின்றன. அரை மணி கழித்து ஒரு துண்டுச் சீட்டு வரும், கிள்ளான் கேட்ஸ் அணை உடைந்துவிட்டதாக வாட்சாப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது என்று. இந்தச் சீட்டுக்கு அங்கே பெயர் இன்ஜெக்ட். ஒவ்வொரு இன்ஜெக்டும் யாரோ ஒருவரை முடிவெடுக்க வைப்பதற்காக முன்கூட்டியே எழுதப்பட்டது. அது யாருக்கு வந்த சீட்டு என்று பாருங்கள், உங்களுக்கு என்றால் பேசுங்கள், அடுத்தவருக்கு என்றால் அவர் திணறுகிறார் என்பதற்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அறையில் எல்லாம் தெரிந்த அண்ணன் ஒருவர் கட்டாயம் இருப்பார், போம்பாவுக்கும் அவரே பதில், மின்சார நிறுவனமான தேனாகாவுக்கும் அவரே பதில். அவர் பேசப் பேச எந்தத் துறைக்கு எது தெரியாது என்பது வெளியே வராமலே போய்விடும்.

கதையோடு சண்டை போடாதீர்கள். "இப்படியெல்லாம் மழை பெய்யாது" என்று நீர்வளத்தில் அனுபவம் உள்ள ஒருவர் அரை மணி நேரம் வாதாடியதைக் கேட்டிருக்கிறேன். 2021இல் ஒரு மாதத்து மழை ஒரே நாளில் பெய்த ஊர் இது. அதேபோல் இல்லாததை இருப்பதாகவும் சொல்லாதீர்கள். ஒத்திகையில் ஹெலிகாப்டர் ரொம்ப மலிவு, யார் கேட்டாலும் ஒன்று வந்துவிடும், எந்தத் தளத்திலிருந்து, யார் கேட்டுக்கொண்டதன் பேரில், இந்த இடியிலும் மின்னலிலும் எப்படிப் பறந்து வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் கையில் நாலு படகு என்றால் நாலு என்றே சொல்லுங்கள். அதில் ஒன்று ரிப்பேர் என்றால் மூன்று.

பேசும்போது நான் பழக்கிக்கொண்ட ஒரு வரிசை இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்தது இது, தெரியாதது இது, இப்போது இதைச் செய்கிறோம், இத்தனை மணிக்கு மறுபடி சொல்கிறோம். தெரியாததைச் சொல்லத்தான் எல்லோரும் கூச்சப்படுகிறார்கள், எனக்கென்னவோ அதுதான் அதிகம் பயன்படுகிறது. தண்ணீர் விநியோகம் நின்றது என்று ஒரு சீட்டு வந்தால், "மருத்துவமனை பாதிக்கப்படும்" என்று சொல்வதில் ஒன்றும் இல்லை. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றுக்கு, சிறுநீரக இயந்திரத்தில் ஓடும் திரவத்துக்கு மட்டுமே 120 லிட்டர் அளவுக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கும்போது வீணாகப் போவது தனிக் கணக்கு. ஒரு நோயாளிக்கு வாரத்துக்கு மூன்று தடவை. இதை எண்ணாகச் சொன்னவுடன் தண்ணீர் நிறுவனத்துக்காரர் நிமிர்ந்து உட்காருவார், லாரி வரிசையில் டயாலிசிஸ் மையங்கள் எத்தனையாவது இடத்தில் இருக்கின்றன என்று பேச்சு உருப்படியாகத் திரும்பும். 2020 செப்டம்பரில் ராவாங் பக்கம் ஆற்றில் கழிவு கலந்து சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றதே, அதனால் இதைக் கற்பனை என்று யாரும் தள்ள முடியாது. துயர் துடைப்பு மையத்துக்கு வரும் டயாலிசிஸ் நோயாளிகளை யார் கணக்கெடுப்பது என்பதையும் கேளுங்கள். நம் சமூகத்தில் இந்த நோய் இல்லாத குடும்பத்தை விரல்விட்டு எண்ணலாம்.

எல்லைகள் இன்னொரு வளமான இடம். கிள்ளான் ஆறு சிலாங்கூரில் பிறந்து, கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்துக்குள் நுழைந்து, மறுபடி சிலாங்கூருக்குள் போய்க் கடலில் விழுகிறது. தண்ணீருக்கு அந்தக் கோடு தெரியாது, கடிதப் போக்குவரத்துக்குத் தெரியும். எம்எச்370 விஷயத்தில் விமானம் ராடாரிலிருந்து மறைந்தது அதிகாலை 1.21க்கு, மலேசிய வான்வெளியிலிருந்து வியட்நாம் கட்டுப்பாட்டுக்குக் கைமாறும் இடத்தில். கோலாலம்பூர் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் இயங்க ஆரம்பித்தது 5.30க்கு. அவரிடம் இருக்கும் என்று இவரும், இவரிடம் இருக்கும் என்று அவரும் நினைக்கக்கூடிய இடம் எது என்று ஒவ்வொரு ஒத்திகையிலும் தேடுங்கள், ஆம்புலன்ஸ் எந்த ஊர் மருத்துவமனைக்குப் போகும் என்பதில் ஆரம்பித்து, சடலங்களை அடையாளம் காட்டக் குடும்பத்தார் எங்கே வர வேண்டும் என்பது வரைக்கும்.

இப்போது சொல்லப்போவதைத்தான் நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். கொடுத்த கதையை நம்புங்கள் என்று மேலே சொன்னேன், கதைக்கு அறையில் கொடுக்கப்படும் விளக்கத்தை நம்ப வேண்டும் என்று சொல்லவில்லை. 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக் காய்ச்சல் பரவ ஆரம்பித்தது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முடிவுகட்டி, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அந்த நோய் வழக்கமாகப் பிள்ளைகளைத்தான் தாக்கும். இங்கே படுத்தது பெரும்பாலும் பன்றிகளோடு புழங்கிய வயதுவந்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள், பன்றிகளே இருமிச் செத்தன. கண்ணுக்கு முன்னால் இருந்த எதுவும் அந்த முடிவோடு பொருந்தவில்லை, ஆனாலும் முடிவு மாதக்கணக்கில் அசையவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்தார், நோயாளி ஒருவர் வந்த சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வந்தது. 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள், 10 லட்சம் பன்றிகளுக்கு மேல் கொன்றார்கள். அன்றைக்கு இருந்தவர்களைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. எந்த அறையிலும் முதல் மணி நேரத்தில் சொல்லப்படும் விளக்கம் இறுகிப்போகும், பிறகு வரும் சீட்டுகளை எல்லாம் அதற்குள் திணித்துக்கொண்டே போவார்கள். நல்ல கட்டுப்பாட்டுக் குழு வேண்டுமென்றே பொருந்தாத சீட்டு ஒன்றை நடுவில் நுழைக்கும். வெள்ளம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது மூச்சுத் திணறலோடு ஐந்து பேர் அவசரப் பிரிவுக்கு வருவார்கள், கண் எரிகிறது என்பார்கள். வெள்ளத்தில் நனைந்தவருக்கு எதற்குக் கண் எரிகிறது? அதைச் சத்தமாகக் கேட்க ஒரு ஆள் வேண்டும். ஓரத்து நாற்காலி அதற்குத் தோதானது.

முடிவு எடுத்தவுடன் அந்த முடிவைக் கேள்விப்படும் சாதாரண மனிதர் என்ன செய்வார் என்றும் யோசியுங்கள். 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு என்று 16ஆம் தேதி இரவு அறிவித்தார்கள். மறுநாள், மாநிலம் தாண்ட வேண்டியவர்கள் காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு அறிவிப்பு. கூட்டம் கூடக் கூடாது என்பதற்காகப் போட்ட உத்தரவு நிலையத்துக்கு நிலையம் கூட்டத்தைச் சேர்த்துவிட்டது, கடைசியில் அதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. எண்ணம் சரி, வரிசையில் நிற்கப்போகும் ஆளை யாரும் மனதில் ஓட்டிப் பார்க்கவில்லை. உங்கள் அத்தையையோ பக்கத்து வீட்டு அங்கிளையோ நினைத்துக்கொண்டு அந்த அறிவிப்பை ஒரு முறை வாசித்துப் பாருங்கள், பாதி ஓட்டை அப்போதே தெரியும்.

அத்தை என்றதும் மொழி ஞாபகம் வருகிறது. அறையில் பேச்சு மலாயில் நடக்கும், திரையில் பாதி ஆங்கிலம் இருக்கும், எச்சரிக்கை அறிக்கையை மலாயிலும் ஆங்கிலத்திலும் வரைந்து கைதட்டிவிடுவார்கள். செந்தூலில் அடுக்குமாடியில் தனியாக இருக்கும் பாட்டிக்கு இது எப்படிப் போகும்? தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம்முக்குத் தமிழில் யார் எழுதிக் கொடுப்பது, எத்தனை நிமிடத்தில்? அணை உடைந்தது என்று தமிழில் சுற்றும் குரல் பதிவுக்குத் தமிழிலேயே மறுப்பு வராவிட்டால் அது வேலைக்கு ஆகாது. வங்காளதேசி, நேப்பாளி, மியன்மார் தொழிலாளர்களுக்கும் இதே கேள்வி, அவர்களில் உரிய ஆவணம் இல்லாதவர் துயர் துடைப்பு மையத்து வாசலில் போலீஸ்காரரைப் பார்த்தால் உள்ளே வருவாரா என்பதும் சேர்த்து. கோயிலிலும் குருத்வாராவிலும் சமைத்துக்கொண்டு வரும் சாப்பாட்டை எந்த வாசலில் யாரிடம் கொடுப்பது, யார் சரிபார்ப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்தால் பாத்திரத்தோடு மழையில் நிற்க வேண்டியிருக்காது. நம்மில் ஒருவர் அந்த அறையில் இருந்தால் இதைக் கேட்க வேண்டியது நாம்தான், வேறு யாருக்கும் இது தோன்றாது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, தோன்றாது, அவ்வளவுதான்.

டத்தோ பிரச்சினைக்கு வருகிறேன். மேசைத் தலைமாட்டில் டத்தோ பட்டம் வாங்கிய பெரியவர் ஒருவர் இருப்பார், அவர் முதலில் கருத்தைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு பேசும் பத்துப் பேரும் அதையே வேறு சொற்களில் சொல்வார்கள். நீங்கள் இளையவர், நேராக மறுத்துப் பேசுவது நடக்காத காரியம், நானே செய்ய மாட்டேன். கேள்வியாகக் கேட்கலாம். "டத்தோ, ஒரு சின்ன விளக்கம், அந்தச் சாலை மூழ்கியிருந்தால் ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும்?" என்று கேட்டால் யாருக்கும் முகம் சுருங்காது. அதுவும் கூச்சம் என்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒருங்கிணைப்பாளரிடம் கொடுங்கள், கெட்டிக்கார ஒருங்கிணைப்பாளர் அதையே அடுத்த இன்ஜெக்டாக மாற்றி மேசையில் போடுவார். உங்கள் பெயர் வராது, உங்கள் கேள்வி வந்துவிடும்.

தயவுசெய்து திரையைப் படம் எடுத்துக் குடும்ப வாட்சாப்பில் போடாதீர்கள். 'ஒத்திகை' என்ற சொல் இல்லாமல் அந்தப் படம் மூன்று குழு தாண்டினால் அதுவே நிஜப் பீதியாகிவிடும். 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை இல்லை என்று எல்லோர் கைப்பேசிக்கும் எச்சரிக்கை போனது. உண்மையில் உள்ளே நடந்துகொண்டிருந்தது ஒத்திகைதான். ஒலிபரப்பிய பதிவில் 'ஒத்திகை' என்றும் இருந்தது, 'இது ஒத்திகை இல்லை' என்றும் இருந்தது, ஊழியர் நிஜம் என்று நம்பி அனுப்பிவிட்டார். தவறு என்று மறு செய்தி போக 38 நிமிடம் ஆனது. நீங்கள் ஒத்திகைக்காக ஒரு போன் செய்தாலும் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் 'ஒத்திகை' என்றே இருக்கட்டும்.

(பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் போட்டிகளில் அமைச்சர் வேடம் போட்டு நெருக்கடியைச் சமாளிப்பார்களே, அது வேறு ஆட்டம். அங்கே பேச்சுத் திறமைக்குப் பரிசு உண்டு, ரகசிய ஒப்பந்தம் போடலாம், அடுத்த அமைச்சரைக் கவிழ்க்கலாம். நல்ல பொழுதுபோக்கு. அந்தப் பழக்கத்தோடு மாவட்ட ஒத்திகைக்கு வந்துவிடாதீர்கள்.)

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கார் நிறுத்துமிடத்துச் சீட்டைத் தேட ஆரம்பிக்கும் நேரத்தில்தான் ஹாட் வாஷ் என்று ஒன்று நடக்கும், சூடு ஆறுவதற்குள் என்ன சரியாக நடந்தது, என்ன நடக்கவில்லை என்று பேசுவது. இதற்கு இருந்தே ஆக வேண்டும். 'தொடர்பாடல் மேம்பட வேண்டும்' என்று எழுதாதீர்கள், அதை எல்லா ஒத்திகையிலும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். 'இரவு 10 மணிக்குப் பிறகு தண்ணீர் நிறுவனத்தில் மருத்துவமனைகளுக்கென்று பதில் சொல்ல ஆள் இல்லை' என்று எழுதுங்கள்.

ஓட்டையைக் கண்டுபிடித்தவுடன் வேலை முடிந்தது என்று நினைத்தால் லூசியானாவைப் பாருங்கள். 2004 ஜூலையில் அங்கே பேம் என்று பெயர் வைத்த கற்பனைப் புயலை வைத்து ஐந்து நாள் ஒத்திகை நடந்தது, நியூ ஆர்லின்ஸ் மூழ்கும், ஏராளமானோர் சாவார்கள் என்றெல்லாம் சரியாகவே கணித்தார்கள். கார் இல்லாதவர்களை எப்படி வெளியேற்றுவது என்ற பகுதி அரைகுறையாக நின்றது. அதை முடிக்கக் கூட வேண்டிய கூட்டங்களில் சில பணம் இல்லை என்று நடக்கவில்லை. 2005 ஆகஸ்ட்டில் கத்ரீனா என்ற நிஜப் புயலே வந்தது. பிரிட்டனிலும் 2016 அக்டோபரில் சிக்னஸ் என்ற பெயரில் சளிக்காய்ச்சல் கொள்ளைநோய்க்கு மூன்று நாள் ஒத்திகை நடத்தி, கடுமையான கொள்ளைநோய் வந்தால் நம் ஏற்பாடு தாங்காது என்று அறிக்கையே எழுதினார்கள். அந்த அறிக்கையை மக்கள் அதிகாரபூர்வமாகப் பார்த்தது 2020 அக்டோபரில், கோவிட் வந்து பாதி ஆண்டு கழித்து.

அதனால் அலுவலகம் திரும்பிய அந்த வாரத்துக்குள் ஒரே ஒரு பக்கம் எழுதி மேலாளருக்கு அனுப்புங்கள். உங்கள் இடத்தில் கிழிந்தது எது, தைக்கப்போவது யார், எந்தத் தேதிக்குள். மூன்று விஷயத்துக்கு மேல் எழுதாதீர்கள், ஒருவரும் படிக்க மாட்டார்கள். மூன்று மாதம் தள்ளி நாள்காட்டியில் ஒரு நினைவூட்டல் போட்டுவைத்து, அன்றைக்கு அதே கடிதத்தின் கீழே 'இது என்ன ஆயிற்று?' என்று ஒரு வரி சேர்த்து மறுபடி அனுப்புங்கள். பதில் வரவில்லையென்றால் ஒரு வாரம் பொறுத்து இன்னொரு தடவை அனுப்புங்கள், இந்த முறை மேலாளரின் மேலாளருக்கும் ஒரு நகல் போட்டு.